ஜாமுக்கு ஒரு சம்மதக் கடிதம்

1. பெங்களூரில் மென்பொருள் சோதிக்கும் வேலையை விட்டுவிட்டு, ஆரஞ்சு ஜாம் செய்து விற்பதற்காக ஏற்காட்டுக்கு, அப்பா அம்மாவிடம் திரும்பி வந்தேன்.
2. வீட்டிலிருந்தபடி தொழில் செய்யச் சட்டப்படி என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டேன்.
3. ஒன்றுவிடாமல் அதன்படி நடந்தேன்.
4. வீடு போயிற்று.

(இரண்டாவதோடு நின்றிருக்கலாமே என்பீர்கள். முதலாவதோடு நின்றிருக்கலாம் என்பது அம்மாவின் கட்சி.)

உண்மையைச் சொன்னால், ஜாம் ஒரு சாக்கு. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சமையலறை. மஞ்சக்குட்டை போகும் வழியில், காபித் தோட்டத்துக்குள், எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீடு. அப்பா அங்கே ரைட்டர், ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதியவர். காலையில் சன்னலைத் திறந்தால் பால்காரருக்கு முன்னால் மூடுபனி உள்ளே வந்துவிடும். பெங்களூர் அறையில் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியபோதெல்லாம் இந்தப் பனியைத்தான் நினைத்திருக்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற அன்று பழைய மேனேஜர், "எங்க போகப் போறீங்க ரைட்டரே, இங்கயே இருந்துக்கங்க" என்றாராம். அப்பாவும் இருந்துகொண்டார். எங்கள் வாடகை ஒப்பந்தம் அவ்வளவுதான். பிறகு அந்த மேனேஜர் போய் வேறொருவர் வந்தார். அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பட்டியல் சுலபமாகத்தான் இருந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவு, சிறுதொழில் பதிவு, உள்ளாட்சி உரிமம், லேபிளில் எடை, தேதி, முகவரி. விற்பனை பெருகினால் மட்டும் ஜிஎஸ்டி (இந்த வரிக்கு மட்டும் ஆசையோடு இரண்டு அடிக்கோடு போட்டேன்). கடைசி வரி: இடம் சொந்தமில்லை என்றால் இடத்துக்காரரின் சம்மதக் கடிதம்.

"நம்ம ஊட்டு அடுப்புல நாம ஜாம் கிண்டறதுக்கு எவனோ எதுக்குக் கண்ணு கையெழுத்துப் போடோணும்?" என்றாள் அம்மா.

"சட்டம்மா."

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "வேண்டாஞ் சாமி. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாயிரும்."

"வாய்வார்த்தை செல்லாதுப்பா. எழுத்தில வாங்கிட்டா நமக்குத்தான் பாதுகாப்பு."

எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். எங்கள் குடும்பமே ஓர் ஓட்டைக்குள்தான் நிம்மதியாகக் குடியிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எஸ்டேட் அலுவலகம் போனேன். கையில் ஒரு ஃபைல். பகுதிக்கு ஒரு நிறத்தில் சீட்டு ஒட்டியிருந்தேன். சமையலறையின் நீள அகலம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த புகைப்படங்கள். சன்னல் வழியாகப் பள்ளத்தாக்கு தெரியும் படம் சட்டத்துக்குத் தேவையில்லை. அழகாக இருந்ததால் சேர்த்தேன்.

புது மேனேஜர் என் வயதுக்காரர், நல்ல மனிதர். ஃபைலைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க, இந்த ஊடு காலியாக் கெடக்குதுன்னுல்ல முதலாளி நெனச்சிட்டிருக்காரு?"

"இல்லீங்க சார். நாங்க இருக்கறோம்."

"இது வேற ஊடா இருக்குமுங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

(எனக்கு அவர் தப்பிக்க வழி காட்டியது இப்போது புரிகிறது.)

"அதே ஊடுதாங்க சார்" என்று சர்வே எண்ணை எடுத்துக் காட்டினேன். "அப்பா ரிடையர் ஆன பொறகும் நாங்க இங்கதான். கரண்டு பில்லுகூட வச்சிருக்கேன்."

"சாட்சியும் கொண்டாந்திருக்கீங்க" என்றார் அவர், சோர்வாக. பிறகு நான் கொண்டுபோன ஜாமை ஸ்பூனில் எடுத்து ருசித்தார். "நொம்ப நல்லாருக்குதுங்க. முதலாளிக்கு அனுப்பி வெக்கறேன்."

ஃபைலைத்தான் சொன்னார். நான் ஜாமை என்று நினைத்து இன்னொரு பாட்டிலும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா உட்காரச் சொல்லியும் நின்றபடியே பேசினார்.

"ஜாமுக்கு முதலாளி ஒரு ஆட்சேபணையும் சொல்லலீங்க. நீங்க இந்த ஊட்ல இருக்கறதுதான்..." என்று இழுத்தார். முதலாளிக்குப் படங்கள் மிகவும் பிடித்துவிட்டன. சுற்றுலா வருபவர்கள் தங்கப் பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி ஒரு வீட்டை வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். தன்னிடமே ஒன்று இருப்பது என் மூலமாகத்தான் தெரிந்ததாம். நன்றியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பரவால்லீங்க தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அப்பா. மேனேஜர் போன பிறகு நான் சமையலறையில் போய் நின்றேன். அப்பா பின்னால் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உடு சாமி," என்றார். "ஃபைலு அழகா இருந்துச்சு."

திட்டியிருக்கலாம்.

இப்போது அடிவாரத்தில் வாடகை வீடு. வீட்டுக்கார அம்மா சம்மதக் கடிதத்தை வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஜாம் எப்பங்க வரும்?" என்று கேட்டார். ஆரஞ்சு மேலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறது. இங்கே சன்னலைத் திறந்தால் சுண்ணாம்புச் சுவர். தெருவுக்கு வந்து நின்றால் மலை முழுவதும் தெரியும், எங்கள் வீடு இருக்கும் பக்கம் மட்டும் தெரியாது.

ஞாயிறு பூசைக்கு மட்டும் மூவரும் மேலே, எங்கள் பழைய சர்ச்சுக்குப் போகிறோம். கல்யாண ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்ற அறிவிப்பு) வாசித்து, "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று பாதிரியார் சொல்லும்போது எங்கள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். "கண்ணு, நீ எதையும் எந்திரிச்சுச் சொல்லிப்போடாத. பாவம், நல்ல பையன்" என்று சித்தப்பா கிசுகிசுப்பார். முதலில் சிரிப்பது அப்பாதான்.

இன்றைய நிலை இதுதான். பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. ஜாம் விற்கிறது, ஜிஎஸ்டிக்கு இன்னும் வெகுதூரம். தயாரிப்பு முகவரியை உள்ளது உள்ளபடி போட வேண்டும் என்பது சட்டம், அதனால் லேபிளில் அடிவாரம் என்றிருக்கிறது. அந்த வீடு மேலே இருக்கிறது, நாள் வாடகைக்கு யாருக்கும் கிடைக்கும். நாங்கள் இன்னும் கேட்கவில்லை.