வாராவதி ஒழிந்த கதை

ஜெயலக்ஷ்மி பல்லவியை எடுத்ததும் வாராவதியில் ரயில் ஏறியது.

மாம்பலத்தில் அவள் அப்பா சுவாமிநாதன் வீட்டை ஒட்டியே அந்தப் பழைய இரும்பு வாராவதி. ரயில் போனால் ஜன்னலும் பாத்திரமும் சேர்ந்து ஆடும். ஆட்டம் நின்றபோது பாட்டும் முடிந்திருந்தது.

பெண் பார்க்க வந்த பிள்ளையின் அப்பா காதைத் தேய்த்துக்கொண்டார். "பொண்ணு லக்ஷணமா இருக்கா. பாட்டுதான் காதுல விழல. இன்னொரு நாள் கேட்டுட்டு நிச்சயம் பண்ணிண்டுடலாமே!"

"பேஷா வாங்கோ!"

அடுத்த முறை இரண்டு ரயிலுக்கு நடுவில் நேரம் குறித்தார் சுவாமிநாதன். ஆனால் மயிலாப்பூரிலிருந்து அவர்களை ஏற்றி வந்த ஜட்கா தாமதம்.

"ஏண்டா அன்வர் பாஷா, இவ்வளவு நேரமா?"

"குதிரை மக்கர் பண்ணிச்சு சாமி. நான் இன்னா பண்றது?"

மறுபடி பாட்டு, மறுபடி ரயில். சுவாமிநாதன் குதிரையைத் திட்டினார். மனைவி விசாலாக்ஷி அன்வர் பாஷாவுக்குக் காபி அனுப்பினாள்.

மூன்றாம் முறை ஜன்னல்களில் மெத்தையை அடைத்தார். அன்றும் ஜட்கா தாமதம். சத்தம் குறையவில்லை, காற்றுதான் நின்றது. பிள்ளையின் அம்மா மயங்கி விழுந்தாள்.

"பாட்டே வேண்டாம்னு சொல்லிடுங்கோளேன்," என்றாள் விசாலாக்ஷி.

"வாத்தியார் வெச்சுக் கத்துக் குடுத்தது எதுக்கு? வாராவதியையே மாத்தறேன் பார்!"

பாட்டு வாத்தியார் வரும் நேரத்தில் சுவாமிநாதன் எப்போதும் ஆபீஸில் இருப்பார்.

பேட்டை முன்னேற்ற சபை பிறந்தது. காரியதரிசி அவரேதான். துருப்பிடித்த வாராவதியால் ஜனங்களின் உயிருக்கு ஆபத்து என்று மனுவில் உருகினார். பெண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். நிஜமாகவே துருப்பிடித்திருந்தது. அதில் அவருக்கே ஆச்சரியம்.

வாராவதியின் கீழே கடை வைத்திருந்தவர்களை விரட்டினார்கள். அதுவும் முன்னேற்றம்தான். பிறகு சிமெண்டு வாராவதி எழும்பியது, மின்சார ரயில் வந்தது. சுவாமிநாதனுக்கு மாலை போட்டார்கள். பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருந்தார்கள். ஜெயலக்ஷ்மியின் லக்ஷணம் அப்படி.

நான்காம் முறை அவர்கள் வந்த அன்று ரயில் போனதே தெரியவில்லை. ஜெயலக்ஷ்மி முழுப் பாட்டையும் பாடினாள். சுவாமிநாதனும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஆத்துக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்," என்று எழுந்த பிள்ளையின் அப்பா, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜட்காவுக்குக்கூடக் காத்திராமல் குடும்பத்தோடு நடையைக் கட்டினார்.

வாசலில் காலி வண்டியோடு நின்றான் அன்வர் பாஷா.

"என்மேல கோச்சுக்காதீங்க சாமி. உங்க வூட்டு அம்மா சொன்னாங்கன்னு ஒவ்வொரு தபாவும் ரயிலு வர்ற நேரமாப் பாத்துதான் குதிரைய நிறுத்தி நிறுத்தி இட்டாந்தேன். இன்னிக்கும் கரீக்டாத்தான் வந்தேன், உங்க வாராவதிதான் கமுக்கமா இருந்துட்ச்சி!"