அப்பாவின் பிரிவுபசாரத்தில் ஒரு பால்டோ-ஸ்லாவியக் கை

ஆராய்ச்சி மாணவனைப் பார்த்து 'என்ன ஆராய்ச்சி?' என்று கேட்பவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. 'நல்லா இருக்கீங்களா?' மாதிரி, அது ஒரு மரியாதை. இது புரியாமல் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர் அப்பா. கடைசி நாள் மாலையில் சமோசா, மாலை, சால்வை. பிறகு ஓய்வு பெறுகிறவர் நாலு வார்த்தை பேசுவார். அதன்பின் ஆபீஸ் காரில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விடுவார்கள். இதுதான் வழக்கம். நானும் போயிருந்தேன்.

அப்பா எழுந்து தொண்டையைக் கனைத்தார். அதற்குள் டைரக்டர் என் பக்கம் திரும்பி, "பேட்டா, நீ என்ன ரிசர்ச் பண்றே?" என்று இந்தியில் கேட்டார்.

எழுந்தேன். (அப்போதே யாராவது சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.)

லித்துவேனிய மொழியில் கைக்கு 'ராங்கா', ரஷ்ய மொழியில் 'ருகா' என்றேன். இரண்டுக்கும் மூலமான ஆதி பால்டோ-ஸ்லாவிய மொழி எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதில் கைக்கு என்ன சொல் இருந்திருக்கும் என்று பின்னோக்கி ஊகிக்கிறோம் என்றேன். அத்தோடு உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பேன். லித்துவேனியத்தில் 'பொறுக்கிச் சேர்' என்பதற்கும் இதே வேர்தான். ஆகவே கை என்றால் ஆதியில் 'பொறுக்கிச் சேர்ப்பது' என்பது என் கட்சி. அதை நிரூபிக்க டைரக்டரின் கையையே தூக்கி, விரல்களை மடக்கிக் காட்டினேன். கையில் பாதிச் சமோசா இருந்தது. பின்னாலிருந்து "அச்சா, அச்சா" என்றார்கள். போதும் என்ற அர்த்தத்தில்தான். ரசிக்கிறார்கள் என்று நினைத்து, என் கட்சியை ஏற்காதவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன்.

டைரக்டர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். டிரைவர் வந்து, காரை வேறு வேலைக்குக் கேட்கிறார்கள் என்றார். எல்லோரும் கலைந்தார்கள். அப்பா அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு அம்மா. "நல்லாப் பேசுனீங்களா?"

"அதான் இவன் பேசிட்டாம்லா" என்று மாலையைக் கழற்றினார் அப்பா. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் பேச நினைத்தது என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு வாரமாகக் குளியலறையில் இந்தியில் ஒத்திகை பார்த்தாராம். கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். இப்போது எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் சொந்தக்காரர்கள் அவளை விடமாட்டார்கள். கரண்டியை மைக்காகப் பிடித்து, எங்கள் ஊர்த் தமிழில், அப்பா மாதிரியே பேசிக் காட்டுவாள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். கடைசி வரி வரும்போது மட்டும் என்னால் முடிவதில்லை.

"எம் மகன் வந்திருக்கான். கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால பேச வராது. அதனால அவன் சார்பாவும் நானே உங்களுக்கு நன்றி சொல்லிக்கிடுதேன்."