மடத்துச் செங்கல்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைத்தான் திருடியிருக்கிறேன். அது ஒரு செங்கல். பொங்கிகளுடைய செங்கல். (ரங்கூனில் புத்தத் துறவிகளை நாங்கள் பொங்கி என்றுதான் சொல்வோம்.) அந்தப் பொங்கிகள் செத்துப் பல நூறு வருஷம் ஆகிறது. இருந்தாலும் திருட்டு திருட்டுதான் என்று என் தங்கையின் மாமியார் சொல்கிறார். அவர் சொன்னால் இப்போதெல்லாம் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

நான் லைன் வண்டி ஓட்டுகிறவன். பின்னால் இரண்டு பெஞ்சு போட்டு, தாகேதாவிலிருந்து போட்டாதாங் ஜெட்டிக்கு ஆள் ஏற்றுகிற பழைய வண்டி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வாய் அதற்கும் முன்னால் வரும். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்தது தங்கை செல்வி ஒருத்திதான். அவள் கோ மின் என்ற பர்மாக்காரப் பையனை விரும்பினாள். பையன் நல்லவன். (அன்றைக்கு இதை நான் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.) அவன் அம்மா டோ மியாதான் யோசித்தார். காரணம் செல்வி இல்லை, நான். ஒருநாள் என் வண்டியில் ஏறியிருக்கிறார். குறுக்கே வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரனை நான் பர்மிய மொழியில் திட்டி, அது போதாமல் தமிழிலும் திட்டியதை முழுக்கக் கேட்டிருக்கிறார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, ராகம் புரியுமே.

பெகுவுக்கு வெளியே ஒரு மேட்டில் ராஜாக்கள் காலத்து மடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. டோ மியா வீட்டார் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அங்கே போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவார்கள். அந்த வருஷம் எங்களையும் கூப்பிட்டார். என்னை எடை போடத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கே தெரிந்தது.

"அண்ணே, ஒரு நாள். ஒரே ஒரு நாள் வாயைக் கட்டிக்க. உன் கால்ல வேணா விழறேன்" என்றாள் செல்வி.

"நான் என்னடி பேசப் போறேன்?"

"இப்படித்தான் எப்பவும் ஆரம்பிப்ப."

வண்டி என்னுடையது. முந்தின நாள் செல்வி அதைக் கழுவித் துடைத்துப் பூ மாலை எல்லாம் போட்டிருந்தாள். அப்போது என் வண்டியில் ஹேண்ட்பிரேக் செத்து வெகு நாளாகியிருந்தது. கியரில் போட்டாலும் மேட்டில் நழுவும். அதற்காக ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தேன். கிரீஸ் பிடித்த அசிங்கமான கட்டை. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று அதை செல்வி தூக்கி எறிந்துவிட்டாள். அதை என்னிடம் சொல்லவில்லை.

மேட்டில் வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் இறங்கினார்கள். வண்டி பின்னால் நகர்ந்தது. கட்டையைத் தேடினேன், காணோம். பக்கத்துப் புல்லில் ஒரு செங்கல் கிடந்தது. எடுத்து டயருக்குப் பின்னால் வைத்தேன். எந்த டிரைவரும் இதைத்தான் செய்வான். கை செய்கிற வேலை, மண்டைக்குத் தகவலே போகாது.

"செருப்பைக் கழட்டுங்க, கோ முருகன்" என்றார் டோ மியா. (பர்மாவில் மரியாதைக்குப் பேருக்கு முன்னால் ஆண்களுக்குக் கோ, பெண்களுக்கு டோ போடுவார்கள்.)

கோயிலென்றால் சரி. அங்கே கூரை இல்லை, கதவு இல்லை. இடுப்பளவு சுவர், நடுவில் மரம். வெயிலில் தரை அடுப்பாக இருந்தது. "இடிஞ்சு போன இடத்துக்கு எதுக்குச் செருப்பைக் கழட்டணும்?" என்று கேட்டுவிட்டேன். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

டோ மியா கோபப்படவில்லை. "இடிஞ்சது சுவர்தான்" என்றார்.

கழட்டினேன். மேலே ஏறும்போது நான் ஆடிய ஆட்டத்தைக் கோ மின் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். (அவனும் வெறுங்காலோடுதான் வந்தான். அவனுக்கு மட்டும் எப்படிச் சுடவில்லை?)

உள்ளே வரிசையாகச் சின்ன அறைகள். ஒரு ஆள் படுத்தால் காலை முழுசாக நீட்ட முடியாது. அவ்வளவு இடத்தில் ஒரு மனுஷன் ஆயுள் முழுக்க இருந்திருக்கிறான். நாங்கள் புல் பிடுங்கினோம். டோ மியா ஒரு செங்கல்லைத் துடைத்துக் காட்டினார். அகலமான, தட்டையான கல். மேலே மூன்று விரலால் இழுத்த கோடு.

"மண் ஈரமா இருக்கும்போது அறுத்தவன் போட்டது. அவன் பேர் யாருக்கும் தெரியாது. விரல் மட்டும் இருக்கு."

"கண்ட்ராக்டர் எண்ணிக்கையில ஏமாத்தாம இருக்க அடையாளம் போட்டிருப்பான்" என்றேன்.

அவர் சிரித்தார். செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கிளம்பும்போது எல்லோரும் பாதத்தைத் தட்டினார்கள். மடத்து மண் பொங்கிகளுடையது, ஒரு துளிகூட வீட்டுக்கு வரக்கூடாது என்பது வழக்கம். "நீயும் தட்டு" என்று செல்வி கிள்ளினாள். "என் கால் தூசியை வெச்சு எவன் வீடு கட்டப் போறான்?" என்று முனகிக்கொண்டே தட்டினேன். பிறகு டயருக்குப் பின்னாலிருந்த செங்கல்லை எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். தூசியைத் தட்டிவிட்டுச் செங்கல்லைக் கொண்டுபோன ஒரே முட்டாள் பெகு வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

டோ மியா வீடு தாகேதாவில், பாலம் இறங்குகிற சரிவில். வண்டியை நிறுத்தினேன், செங்கல்லை வைத்தேன், உள்ளே போய் உட்கார்ந்தேன். டோ மியா அரக்குப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். உள்ளே ஊறவைத்த தேயிலை, வறுத்த பூண்டு, எள், கடலை. பர்மாக்காரர் வீட்டில் ஒரு பேச்சு நல்லபடியாக முடிந்தால் அதைத்தான் வைப்பார்கள். அதில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது டோ மியா வாசல் பக்கம் பார்த்தார். எழுந்து போனார். டயர் பக்கத்தில் குனிந்தார். செங்கல்லின் மேலே மூன்று கோடு.

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எனக்குத் தெரிந்த தொழில். அவர் திட்டவில்லை. உள்ளே வந்தார், பெட்டியை மூடினார், எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு வரும்வரை செல்வி அழவில்லை. வாசலில் இறங்கும்போது, "கட்டையைத் தூக்கிப் போட்டது நான்தாண்ணே" என்றாள். அவள்மேல் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்படியே மூடிவிட்டேன். அது எனக்குப் புது அனுபவம்.

மறுநாள் காலையில் டோ மியா வீட்டு வாசலில் போய் நின்றேன். "திருப்பி வெச்சுட்டு வரேன்" என்றேன். அவர் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். செங்கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெகுவரை அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. லாரிக்காரன் ஒருவன் உரசுகிற மாதிரி வந்தான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். (இன்னும் தழும்பு இருக்கிறது என்று சொன்னால் செல்வி நம்புவதில்லை.)

மேட்டில் நிறுத்தினேன். வண்டி நழுவியது. பிரேக்கை மிதித்துக்கொண்டு பழக்கத்தில் அவர் மடிக்குக் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

கட்டை கிடையாது. சுற்றிலும் நூறு கல் கிடந்தது, எல்லாம் பொங்கிகளுடையது. காலை எடுத்தால் வண்டி வயலில் விழும்.

"நீங்க வெச்சுட்டு வாங்க, அமே. நான் மிதிச்சுக்கிட்டு இருக்கேன்." பர்மாவில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

"எடுத்தவன்தான் வைக்கணும்."

என் செருப்பு இரண்டையும் கழட்டி அவரிடம் கொடுத்தேன். அவர் இறங்கி டயருக்குப் பின்னால் திணித்தார். போதவில்லை. தன் செருப்பையும் கழட்டித் திணித்தார். வண்டி நாலு செருப்பில் முனகி நின்றது.

செங்கல்லை வாங்கிக்கொண்டு போய்ப் புல்லில் அந்த இடத்தைத் தேடினேன். வெளுத்துப்போன ஒரு சதுரம், அதில் எறும்புகள். செங்கல்லை அப்படியே பொருத்தி வைத்தேன். கோடுகள் மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். என் மூன்று விரல் அதில் சரியாகப் பொருந்தியது. மன்னிப்பு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் அவனிடமே கேட்டேன், பேர் தெரியாதவனிடம்.

திரும்பி வந்தபோது டோ மியா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாதமாகத் தட்டினார். பிறகு நான் தட்டினேன். அவர் சொன்ன பிறகு இன்னொரு தடவை தட்டினேன். வண்டியை எடுத்ததும் கூடையைத் திறந்தார். உள்ளே அரக்குப் பெட்டி. "சாப்பிடு" என்றார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேயிலையை அள்ளி வாயில் போட்டேன். நசுங்கிய செருப்புகளைப் போட முடியாமல் இரண்டு பேரும் வெறுங்காலோடு தாகேதா வந்து இறங்கினோம். செல்வி எங்கள் காலைப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

கல்யாணத்தில் டோ மியா எனக்குக் கொடுத்த சீர் ஒரு தேக்குக் கட்டை. மேலே மூன்று கோடு செதுக்கி, ரிப்பன் கட்டியிருந்தது. இப்போது செல்வியின் மகள், நான் சாப்பிட்டு எழுந்தால்கூட, "மாமா, காலைத் தட்டினீங்களா?" என்று கேட்கிறாள்.

டோ மியாவால் இப்போது மாடி இறங்க முடிவதில்லை. வாசலில் என் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலிலிருந்து கேட்பார்.

"எதை வெச்சு நிறுத்தின?"

"கட்டை, அமே!"

"காட்டு."

டயரிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினால்தான் வாசல் கதவுச் சாவியைக் கீழே போடுவார். தெருவே சிரிக்கும். ஹேண்ட்பிரேக்கை நான் சரி பண்ணி வெகு நாளாகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.