இருபத்து மூன்று சோடிச் செருப்புகளும் ஒரு பதிவேடும்

ஓய்வு பெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவரிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், நோயாளிகளை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. நானே இதைச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. சுகாதாரத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்து வேலைப் பக்கம் இருந்தவன் நான். உடைந்த கதிரை ஒன்றைக் கழிப்பதற்கு எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (எழுப்பாமலே சொல்லியிருக்கிறேன் என்பதற்கு மனைவி சாட்சி.) நோயாளி ஒருவரோடு நேரில் கதைத்த ஞாபகம்தான் அதிகம் இல்லை.

வடமராட்சியில் ஒரு கரையோரக் கிராமம். அங்கிருந்து லண்டன் போனவர்கள் சேர்ந்து, ஊரில் சலரோகம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்காக ஒரு சிறிய கிளினிக் நடத்தி வந்தார்கள். புதன்கிழமைகளில் டொக்டர் வருவார். மற்ற நாட்களில் சுகந்தி என்ற தாதி காயங்களுக்கு மருந்து கட்டுவார். அதை நிர்வகிக்க ‘நடைமுறை தெரிந்த ஒருவர்’ தேவை என்று என்னைக் கேட்டார்கள். நடைமுறை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. கொக்குவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பின்னால் கட்டியிருந்த பெட்டியில் ஆறு புதுப் பதிவேடுகள்.

முதல் புதன்கிழமை ஏழரை மணிக்குப் போய் இறங்கினால் விறாந்தையில் ஒரு மனிதரும் இல்லை. கதவிலிருந்து படி வரைக்கும் செருப்புகள்தான் வரிசையாக இருந்தன. எண்ணினேன். இருபத்து மூன்று சோடி. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மெத்தென்ற அடி. சலரோகத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு கிளினிக்கே கொடுத்தவை. வாரில் மட்டும் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தது.

“என்ன உது?” என்று காவலாளி கந்தையாவிடம் கேட்டேன்.

“கியூ ஐயா.”

“ஆக்கள் எங்கை?”

“டொக்டற்றை கார் வந்தோடனை வருவினம். பக்கத்திலைதான் ஐயா, உந்தப் பிள்ளையார்...”

நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். அந்த வசனத்தை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான். கிளினிக் விறாந்தைக்குத் தகரக் கூரை. எட்டு மணிக்கே உள்ளே இருப்பவர்கள் அவிந்துபோவார்கள். பக்கத்திலேயே பிள்ளையார் கோயில் மண்டபம், குளிர்ந்த சீமெந்துத் தரை. கோயிலுக்குள் செருப்போடு போக முடியாது, எங்கேயோ கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே வந்த ஒழுங்கில் செருப்பை விறாந்தையில் கழற்றி வைத்துவிட்டு மண்டபத்தில் போய் இருப்பார்கள். இடையில் உள்ள பத்தடி தூரத்துக்கும் வேப்பமர நிழலில் சுகந்தி பாய் விரித்து வைத்திருந்தார், காலில் ஒரு முள்ளும் குத்தாதபடி. என் சேவைக் காலம் முழுவதிலும் இதைவிடச் சிறந்த வரிசை முறையை நான் கண்டதில்லை. ஆனால் அன்று கண்ணுக்குத் தெரிந்தது ஒழுங்கீனம் மட்டும்தான். சுகந்தி உள்ளே கட்டுத்துணி வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகாமையாளர் தாதியிடம் விளக்கம் கேட்பதற்கு நடைமுறை இல்லை என்று விட்டுவிட்டேன்.

கந்தையாவை அரிசிச் சாக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னேன். இருபத்து மூன்று சோடியும் சாக்குக்குள் போயின. சாக்கு களஞ்சிய அறைக்குள் போயிற்று. பூட்டிய திறப்பு என் சட்டைப் பைக்குள் வந்தது. புதுப் பதிவேடு ஒன்றின் முகப்பில் ‘உரிமை கோரப்படாத பொருட்கள்’ என்று அழகாக எழுதி, கோடு போட்டு, முதல் பதிவைச் செய்தேன். பிறகு லண்டன் குழுவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “நோயாளர் வரிசை ஒழுங்குபடுத்தப்பட்டது.” உடனே நான்கு கட்டைவிரல்கள் வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டொக்டரின் கார் பத்து மணிக்கு வந்தது. சித்திரை வெயில். சுகந்தி டொக்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மண்டபத்திலிருந்து சனம் வெறுங்காலோடு பாயில் நடந்து வந்தது.

“ஐயோ, என்ரை செருப்பெங்கை?”

“கோயிலுக்கை இருக்க, கள்ளன் வந்திட்டானடி.”

“கள்ளனில்லை மாமி, புது மனேச்சராம்.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

நான் கதிரையில் ஏறி நின்றேன். (உண்மையாகவே ஏறினேன்.) செருப்பைத் திரும்பப் பெற விரும்புவோர் தேசிய அடையாள அட்டையைக் காட்டி, இலக்கத்தைப் பதிந்து, கையொப்பமிட வேண்டும் என்று அறிவித்தேன்.

“காலுக்கும் அடையாள அட்டை இருக்கோ தம்பி?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

“என்ரை பெருவிரல் அடையாளம் செருப்பிலையே கிடக்கு. அதை வைச்சுப் பாருங்கோவன்!” என்றார் ஒரு பெண்.

ஒரே ஒருவர்தான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஐம்பது வயதிருக்கும் பெண், மெலிந்த உடம்பு. பெயர் தவமணி.

“அட்டை வீட்டை கிடக்கு ஐயா. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“பாருங்கோ!” என்று மற்றவர்களுக்கு அவரைச் சுட்டிக் காட்டினேன். “இப்பிடித்தான் ஒத்துழைக்க வேணும்.”

அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை, மிச்ச இருபத்திரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கதவு திறந்தது. சுகந்தி வெளியே வந்து பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“சேர், சாக்கை அவிழ்த்துக் கொட்டுங்கோ.”

கொட்டினேன். அட்டையும் இல்லை, கையொப்பமும் இல்லை. சத்தம் போட்டவர்கள் எல்லோரும் நூலின் நிறத்தைப் பார்த்துத் தங்கள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பச்சை நூல் கட்டிய ஒரு சோடி மட்டும் மிஞ்சியது.

“தவமணி அக்கா எங்கை?” என்றார் சுகந்தி.

“அடையாள அட்டை எடுக்க வீட்டை போயிட்டா.”

“எப்பிடிப் போனவா?”

“நடந்து.”

சுகந்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். பச்சை நூல் செருப்பைக் கந்தையாவிடம் கொடுத்து, சைக்கிளில் ஓடச் சொன்னார். வீடு தார் ரோட்டில் அரை மைல் தூரம்.

அப்போதுதான் எனக்குச் சொன்னார். தவமணி கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலை செய்தவர். உள்ளங்காலில் வந்த புண்ணுக்காகப் பத்து மாதமாக மணலில் கால் வைக்காமல் வீட்டில் இருந்தார். புண் மூடிவிட்டது. இன்றைக்கு டொக்டர் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்று சொல்வதாக இருந்தது. திங்கட்கிழமை வருவதாக வாடிக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

கந்தையா அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். தவமணி செருப்பைப் போட்டிருந்தார், சிரித்துக்கொண்டே இறங்கினார். சுகந்தி அவரை வாங்கில் இருத்திச் செருப்பைக் கழற்றியபோது உள்ளடி ஈரமாக இருந்தது. இரண்டு காலிலும் கொப்புளம். வலது காலில் பழைய புண் வாய் திறந்திருந்தது.

“நோகேல்லையோ அக்கா?”

“இல்லைப் பிள்ளை, ஒண்டும் தெரியேல்லை. ஏன், என்ன?”

சுகந்தி கட்டுத்துணியை எடுத்தார். தவமணி என்னைப் பார்த்து, மடித்து வைத்திருந்த பொலித்தீன் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

“இந்தாங்கோ ஐயா. நம்பரை எழுதுங்கோ.”

இதற்காகத்தானே அவர் போய் வந்தார். எழுதினேன். அவர் கையொப்பமிட்டார். அந்தப் பதிவேட்டில் முறைப்படி முடிந்த பதிவு அது ஒன்றுதான்.

அடுத்த புதனிலிருந்து செருப்புகள் பழையபடி விறாந்தையில் இருந்தன. நான் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஐந்து மாதம், கிழமைக்கு மூன்று தரம், சுகந்தியை மோட்டார் சைக்கிளில் தவமணியின் வீட்டுக்கு ஏற்றிப் போனேன். அவர் மருந்து கட்டும்வரை வாசலில் நிற்பேன். ஒவ்வொரு முறையும் தவமணி எனக்குத் தேத்தண்ணி தந்தார். ஒரு நாளாவது ஏசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். புண் கடைசியில் ஆறியது. அதற்குள் வாடியில் வேறு ஒருத்தியைச் சேர்த்துவிட்டார்கள்.

சாக்குக் கதை அன்றைக்கே எனக்கு முன்னதாக வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. இப்போது சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்கும் நான் நிம்மதியாகப் போக முடியாது. “அத்தான் வாறார், செருப்புகளை உள்ளுக்கை எடுங்கோ!” என்று என் மச்சான் வாசலில் நின்று கத்துவார். மனைவி தன் பங்குக்குச் சாக்கின் அளவைக் கையால் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் சொல்லும் கதை சாக்கை அவிழ்த்துக் கொட்டுவதோடு முடிந்துவிடும். தவமணி அதில் இல்லை.

போன மாதம் மானிப்பாயில் மகள் வீட்டில் அதே கதை மறுபடியும் ஓடியது. சிரித்து முடிந்த பிறகு, ஏழு வயதுப் பேத்தி என் மடியில் ஏறிக்கொண்டு கேட்டாள்.

“அம்மப்பா, பிறகு எல்லாருக்கும் செருப்புத் திரும்பிக் கிடைச்சதோ?”

“ஓம் குஞ்சு,” என்றேன். “எல்லாருக்கும் கிடைச்சது.”

செருப்பை மட்டும் எண்ணினால் அது சரியான பதில்.