காகிதம் ஒட்டினால் தேர்ச்சி

கீலுங் ஊரில் ஒரு குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒழுங்காக மாட்டப்பட்டிருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், சென்ற ஆண்டு முதல் ஒரு டிஷ்யூ காகிதத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ஃபேனை ஓடவிட்டு, காகிதத்தை அதன் வலைமூடியில் வைக்க வேண்டும். பத்து வினாடி ஒட்டி நின்றால் தேர்ச்சி. விழுந்தால் தோல்வி. தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாத வீட்டில் யாரும் குடிபுகக் கூடாது. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊர் அது. ஈரத்தின் மேல் அரசாங்கத்துக்குக் கோபம் வந்ததில் தப்பு சொல்ல முடியாது.

யூசியாவும் தப்பு சொல்லவில்லை. முப்பது வருஷம் மீன் சந்தையில் நின்று, கணவாய் விற்று, கத்திக் கூச்சலிட்டு, சண்டை போட்டு, எட்டாவது மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தாள். பஞ்சாங்கத்தின்படி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சகுனத்துக்கு அரிசி நிரப்பிய வாளியோடு உள்ளே நுழைய வேண்டும். அதை விட்டால் அவள் ராசிக்கு அடுத்த நல்ல நாள் நாலு மாதம் கழித்துத்தான். வாடகை வீட்டுக்காரனோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே வேறு ஆளை வைக்கிறான்.

ஃபேனை மாட்டியது லியாவ் மாஸ்டர். அவர் வேலை செய்த ரெண்டு நாளும் யூசியா ஏணிக்குக் கீழேயே நின்றாள்.

"ஃபேன் குழாய் வெளிப்பக்கமா சரிஞ்சு போகணும் மாஸ்டர். தண்ணி திரும்பி உள்ள வரக்கூடாது."

"அக்கா, இருபது வருஷமா இதைத்தான் செய்றேன்."

"நானும் முப்பது வருஷமா மீன் விக்கிறேன். அதுக்காக எவனாவது செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்குறானா?"

வேலை முடிந்ததும் வெந்நீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் ஆவி மொத்தமும் வெளிச்சுவர் வழியாகக் கடலைப் பார்க்கப் போய்விட்டது.

புதன்கிழமை, குளியலறைக் காற்று வெளியேற்றத் தரத் தீர்மானப் பிரிவிலிருந்து திரு. ஜுவாங் வந்தார். பூட்டுப் போட்ட பெட்டியைத் திறந்து, முத்திரையிட்ட உறையைக் கிழித்து, பூப்போட்ட காகிதம் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து வைத்தார். நாலாவது வினாடியில் அது அவர் தொப்பி மேலேயே விழுந்தது.

"தோல்வி."

"இது காகிதமா, போர்வையா சார்? இவ்வளவு கனம்!"

"மூன்று அடுக்கு. அரசு அங்கீகாரம் பெற்றது."

"ரெண்டு அடுக்கைப் பிரிச்சுப் போட்டுட்டு வைங்க."

"பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"சரி, பத்து வினாடி எதுக்கு? அஞ்சுக்கு முடிச்சுக்குவோம்."

"அம்மா, இது சந்தை இல்லை."

"ஆறு. அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"எட்டுக்குக் குறைய வராது" என்று சொல்லிவிட்ட ஜுவாங், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "பத்து" என்றார்.

யூசியா வெந்நீரைத் திறந்தாள். "கண்ணாடியைப் பாருங்க. ஆவி நிக்குதா?"

"ஆவி படிவத்தில் இல்லை."

"எதிர்வீட்டு ஃபேன்ல மட்டும் எப்படி ஒட்டுச்சு?"

"அங்கே குழாயே கிடையாது. ஃபேன் நேராக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஊதுகிறது. தடை இல்லாததால் இழுவை பிரமாதம்."

"அப்ப ஆவி எங்க போகும்?"

"சீலிங்குக்கு மேலே."

"மேல போய்?"

"அது வேறு பிரிவு."

அன்று மாலையே யூசியா லியாவ் மாஸ்டரைக் கூப்பிட்டுக் குழாயைக் கழற்றச் சொன்னாள். "நான் மாட்டினதுலயே நல்ல வேலை அக்கா இது" என்றார் அவர்.

"ஒரே நாள்தான்யா! வெள்ளிக்கிழமை குடி போயிட்டு, சனிக்கிழமை திரும்ப மாட்டிக்கலாம்."

வியாழக்கிழமை காகிதம் இருபது வினாடி ஒட்டியது. ஜுவாங் மனமாரப் பாராட்டிச் சான்றிதழ் எழுதினார். பிறகு ஏணியில் ஏறி, சீலிங் திறப்பின் மேல் சிவப்பு முத்திரை ஒன்றை ஒட்டினார். தேர்ச்சி பெற்ற அமைப்பை இனி எவரும் தொடலாகாது. தொட்டால் சான்றிதழ் ரத்து, குடியிருப்பும் ரத்து.

யூசியா குறித்த நேரத்தில் அரிசி வாளியோடு குடிபுகுந்தாள். ஒன்றரை மாதத்தில் குளியலறைச் சீலிங் நனைந்து, கறுப்புப் புள்ளி பூத்து, கர்ப்பிணி வயிறு மாதிரி இறங்கியது. தலை துவட்டத் துவட்ட மேலிருந்து சொட்டியது. அவள் தொலைபேசியில் போட்ட கூச்சலில் ஜுவாங் மழைக்கோட்டைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். வந்தவர் சீலிங்கைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து காகிதத்தை வைத்தார். பத்து வினாடி. இருபது. அறுபது.

"அசையவே இல்லையே!" என்றார்.

"ஃபேனை இன்னும் போடவே இல்ல சார்."

ஜுவாங் சுவிட்சைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மின்சாரமே இல்லாமல்..."

"யோவ், ஈரத்துல ஒட்டியிருக்குய்யா அது! மேல பாரு, சொட்டுது!"

"காரணத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை அம்மா" என்று தழுதழுத்தபடி, தங்க நிற ஓரம் போட்ட வேறொரு தாளை எடுத்தார். சிறப்புத் தகுதி. மின்சாரச் சிக்கனத்துக்குத் தனிப் பாராட்டு. கீலுங்கிலேயே முதல் குளியலறை.

யூசியா அதைக் கிழித்து அவர் முகத்தில் எறியத்தான் வாங்கினாள். ஆனால் வாசலில் எதிர்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையிலும் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் தங்க ஓரத்தை விட்டு நகரவில்லை.

"எங்களுக்கு வெறும் தேர்ச்சிதானேக்கா குடுத்தாங்க. நீங்க அப்படி என்ன பண்ணீங்க?"

யூசியா வாயைத் திறந்தாள். வசவு நாக்கு நுனி வரை வந்தது. வந்து, திரும்பிப் போயிற்று.

"சும்மா வருமா?" என்றாள். "தினம் ரெண்டு வேளை, கதவைச் சாத்திட்டு, கொதிக்கக் கொதிக்கக் குளிக்கணும். பொறுமை வேணும்."

அந்த மாதம் லியாவ் மாஸ்டருக்கு மூச்சுவிட நேரமில்லை. இன்னும் முத்திரை விழாத வீடுகளில் மாடி மாடியாகக் குழாய் கழற்றினார். கட்டடத்துக்கு மாதிரிக் கட்டடம் என்று பெயர் கிடைத்தது. வாசலில் பலகை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லார் தலையும் ஈரமாக இருந்தது.

யூசியா சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். குளியலறையில் மாட்டினால் பூஞ்சை பிடித்துவிடுமாம்.