வால்வு அண்ணனும் ஆடிக்காற்றும்

திண்டுக்கல்லில் காற்றோடு பகை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் வால்வு அண்ணன்.

பேர் வேறு ஏதோ உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். தெருத் தெருவாகப் போய்க் குடிதண்ணீர் வால்வைத் திறந்துவிடுவது அவர் வேலை. ஒரு சைக்கிள், தோளில் நீளமான இரும்புச் சாவி. அவர் தலை தெரிந்தால் தெருவே குடத்தைத் தூக்கும். அந்த நாளில் எங்கள் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை தாசில்தாருக்குக் கிடையாது.

நான் தையல்காரன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதிகம் பேச மாட்டேன். அதனாலேயே பேச ஆள் தேடுகிறவர்கள் என் கடைக்கு வருவார்கள். அவரும் வந்தார்.

இரண்டாயிரம் பிறந்த சமயம். எங்கள் பக்கத்து இளைஞர்கள் ஆடிப்பெருக்கு அன்று ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். டிவியில் பார்த்ததாம். வெளிநாட்டில் கடலில் நீந்துவார்களாம், இறங்காமல் சைக்கிள் மிதிப்பார்களாம், அதற்கப்புறம் ஓடவும் செய்வார்களாம். இங்கே கடலுக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பெரிய கிணற்றைப் பிடித்தார்கள். அதில் சுற்றிச் சுற்றி நீச்சல். பிறகு ஒட்டன்சத்திரம் வரை சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டும். பிறகு ஓட்டம். மலைக்கோட்டை அடிவாரத்தில் கயிறு கட்டியிருப்பார்கள். அதைத் தொட்டால் முடிந்தது.

அண்ணன் நாற்பதைத் தாண்டியவர். முதல் வருடமே பேர் கொடுத்தார். வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையோடு போனார். ஆடிக்காற்று மேற்கே இருந்து அடிக்கிறது. சட்டை முதுகில் மூட்டை மாதிரி உப்பிக்கொண்டது. அவர் வந்து சேர்வதற்குள் கயிற்றை அவிழ்த்து, பந்தலைப் பிரித்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு நாய் மட்டும் படுத்திருந்ததாம்.

அடுத்த வருடமும் அதே கதை. "இந்தத் தடவை நாயையும் காணோம்ப்பா" என்றார்.

ஜெயிக்கிற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. "கயிறு இருக்கறப்ப போயிச் சேரணும். நாலு பேரு பாக்கணும். அம்புட்டுத்தான்" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

தோற்றதற்கு அவர் தன் கால்களைக் குற்றம் சொல்லவில்லை. காற்றைச் சொன்னார். "தண்ணியும் காத்தும் ஒரே சாதிதான் அப்பு. குழாய்க்குள்ள பிசிறு இருந்தா தண்ணி நிக்கும். சட்டையில மடிப்பு இருந்தா காத்து நிக்கும். மடிப்பே இல்லாம ஒரு உடுப்பு தைச்சுக் குடு."

முதலில் காலரை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மச்சினன் கல்யாணத்துக்குக் காலரும் பையும் இல்லாத சட்டையோடு போனார். மொய்க் கவரை வாயில் கவ்விக்கொண்டு நின்றார் என்று அவர் சம்சாரம் என் கடையில் வந்து அழாத குறையாகச் சொன்னது.

பிறகு துணி தேடினார். கட் பீஸ் வாங்கிக்கொண்டு பழனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு துணியாகப் பிடித்துப் பார்த்தார். எது படபடக்காமல் இருக்கிறது என்று சோதனையாம்.

"யோவ், கையை உள்ள எடுய்யா! என்ன, துணி காயப்போடுறியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"செத்த நேரம் பொறுங்க. இன்னும் ரெண்டு கலரு இருக்கு."

கலருக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

மூன்றாம் வருடம் குடைத் துணியில் வந்து நின்றார். தைத்தேன். கிணற்றில் குதித்தார். உடுப்புக்குள் காற்று புகுந்து பலூன் மாதிரி மிதந்தார். கையைப் போடுகிறார், காலைப் போடுகிறார், இருந்த இடத்திலேயே சுற்றுகிறார். கடைசியில் தோட்டக்காரர் கயிறு போட்டு இழுத்தார். அந்த வருடம் அதோடு சரி.

நாலாம் வருடம் திருப்பூரில் இருந்து இழுவை வரும் பனியன் துணி கொண்டுவந்தார். கிளிப்பச்சை. கழுத்து முதல் முழங்கால் வரை ஒரே உடுப்பு. உடம்போடு ஒட்டவேண்டும்.

"முதுகுல ஜிப் வைக்கட்டுமா அண்ணே?"

"ஜிப் வச்சா மேடு தட்டும்."

"பட்டன்?"

"காத்து அதுல உக்காந்து பீடி குடிச்சிட்டுப் போகும்."

"அப்ப எப்படிப் போடுவீங்க?"

"போட்டுக்கிட்டு நிக்கிறேன். நீ மேல வச்சுத் தைச்சிரு."

அப்படியே செய்தேன். போட்டியன்று காலையில் கிணற்று மேட்டில் அவர் நின்றார். முதுகைக் கையூசியால் கழுத்து வரை மூடினேன். சுற்றி இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் சம்சாரம் மட்டும் பக்கத்தில் வந்து கேட்டது. "இந்த மனுசன் வீட்ட விட்டுக் கெளம்பறப்ப ரெண்டு சொம்பு நீராகாரம் குடிச்சாரு. அவசரம்னா எப்படிண்ணே?"

அண்ணன் முகம் மாறியது. தைத்து முடித்துவிட்டேன். விசில் ஊதிவிட்டார்கள்.

"நீ கயித்துக்கிட்ட கத்திரியோட நில்லு!" என்று கத்திக்கொண்டே கிணற்றில் குதித்தார்.

இந்தத் தடவை மீன் மாதிரி நீந்தினார். சைக்கிளில் ஏறினார். நான் கத்திரிக்கோலோடு அடிவாரத்துக்குப் போனேன்.

முதலில் வந்தவன் வந்தான். கடைசிக்கு முன்னால் வந்தவனும் வந்தான். பந்தல்காரர் கயிற்றில் கை வைத்தார்.

"இன்னும் ஒருத்தர் வரணும்" என்றேன்.

"நீ எதுக்குய்யா கத்திரியோட நிக்கிற?"

சொன்னேன். அவ்வளவுதான். செய்தி கூட்டத்தில் ஓடியது. கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்தார்கள். ஊருக்கே வால்வு திறக்கிற மனுசன் தன் வால்வை அடைத்துக்கொண்டு வருகிறாராம், பார்க்காமல் போக யாருக்கு மனசு வரும்?

தூரத்தில் கிளிப்பச்சை தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. காற்றை ஜெயித்தாரோ என்னவோ, நீராகாரம் அவரை விரட்டிக்கொண்டு வந்தது.

"கத்திரி! ஏலே, கத்திரி!"

கயிற்றைத் தொடாமலே என்னிடம் முதுகைத் திருப்பினார். ஒரே இழுப்பில் வெட்டினேன். என் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு, உடுப்பை உருவிப் போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஓடினார். உடுப்பு என் கையில் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டோடு வெளியே வந்தார். அப்போதுதான் கயிற்றைப் பார்த்தார். கட்டியபடி இருந்தது. பக்கத்தில் அத்தனை ஜனமும் நின்றது.

"தொடுங்க அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

காற்று அப்போதும் விடவில்லை. ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றைத் தொட்டார். விசில் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது.

அதற்கப்புறமும் போட்டி நடந்தவரை வருடா வருடம் முதுகைத் தைத்துவிடச் சொல்லி வந்தார். மேடு தட்டாத மெல்லிய ஜிப் இப்போது வந்திருக்கிறது, வைத்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"வேணாம்ப்பா" என்றார். "ஜிப் வச்சுட்டா நீ கயித்துக்கிட்ட வந்து நிக்க மாட்டே."

ஜிப் வைத்தாலும் நின்றிருப்பேன். ஊசியில் நூலைக் கோத்தேன்.