பெட்டிக்குக் கேட்காமல் எழுதியது

வட்டக்கச்சி,
தை மாதம், மூடலான ஒரு திங்கட்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் செல்வநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. கனகாம்பிகை அம்மன் கண் பார்த்ததில் நானும் மனைவி விமலேஸ்வரியும் மகள் கஜனியும் நோய்நொடியின்றி இருக்கிறோம். வவுனியாவில் தாங்களும் அக்கா சிவலட்சுமியும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் நோவுக்கு விமலேஸ்வரி எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வருகிற ஒருவரிடம் கொடுத்து விடுவோம்.

நிற்க. நேற்று நீங்கள் போன் எடுத்து, பல்கலைக்கழகக் கம்பஸ்காரர் உங்களுடைய அரிசி ஆலைக்கும் வந்ததாகவும், ஆராய்ச்சி செய்யப் போகிறோம், அரசாங்க நிதி இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கோ என்று கேட்டதாகவும் சொல்லி, வைக்கலாமோ என்று என்னிடம் கேட்டீர்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல் மழையைப் பற்றியும் மாடு கன்று போட்டதைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போனை வைத்ததற்குக் கோபிக்கக் கூடாது. மாடு கன்று போடவும் இல்லை. அந்த நேரம் நான் ஆலைக்குள் நின்றேன், என் தலைக்கு மேலே அவர்கள் பூட்டிய பெட்டி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்று, அதில் ஒரு பச்சை வெளிச்சம் எந்த நேரமும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் சிம் காட் இருக்கிறது. நெல்லின் ஈரத்தை அளந்து கம்பஸுக்கு அனுப்புவதற்காம். நெல்லுக்கு அப்படி யாரோடு என்ன கதை இருக்கிறது? ஆகவேதான் இந்தக் காலத்தில் கடிதம். தபாலையும் நம்பவில்லை, பரந்தன் சந்தியில் நின்று, தெரிந்த பஸ் கண்டக்டரின் கையில் நேரே கொடுத்து விடுகிறேன். இதை எழுதுவதும் குசினிக்குள் இருந்துதான். ஆலைக்கும் குசினிக்கும் இடையில் இரண்டு சுவர் இருக்கிறது.

என் ஆலையின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. அறுவடை தொடங்கினால் வெளியூர் லொறிகள் வயல் வரம்பிலேயே வந்து நின்று பச்சை நெல்லை அள்ளிக்கொண்டு போகின்றன. காயவிட முற்றமும் வெயிலும் இல்லாத சனம் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறது. என்னிடம் வருகிற கொஞ்ச நெல்லும் போன சிறுபோகத்தில் குத்தக் குத்த முறிந்து குறுணலாகத்தான் விழுந்தது. கிளிநொச்சிக் கடைக்காரர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மெசினுக்குப் பட்டி மாற்றினேன், உருளை மாற்றினேன், நெல்லினத்தைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன், காயவிடுகிற பெண்களைக் குறை சொல்லப்போய் அவர்களும் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். இந்தக் காலபோகமும் அப்படி முறிந்தால் ஆலையைப் பூட்டிச் சாவியை விமலேஸ்வரியின் கையில் கொடுக்க வேண்டியதுதான். நித்திரை இல்லை அத்தான், உங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது. இந்த நேரம் பார்த்துத்தான் கஜனி, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல், சின்னக் கம்பனிகளோடு கம்பஸ் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிற திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். காசு அரசாங்கத்துடையது, மூளை கம்பஸுடையது, இடமும் நெல்லும் மட்டும் எங்களுடையவை. இனிமேல் நான் அவர்களுக்குத் தொழில்துறைப் பங்காளியாம். பங்காளி என்று வந்தவன் பங்கு கேட்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வந்தது இரண்டு பேர். ஒருவர் விரிவுரையாளர் பிரதீபன். கதைக்கிறபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கலாநிதிப் பட்டம் வாங்கின மனிதர் ஒரு நெல்லு மெசின்காரனுக்கு முன்னால் ஏன் கையைக் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மற்றது ஆராய்ச்சி மாணவி தேனுகா. அந்தப் பிள்ளை அதிகம் கதைக்காது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும். இருவருமாக ஆள் பிடித்து, உமி எரித்துச் சூட்டுக் காற்று விடுகிற தகரக் கூண்டு ஒன்றை ஆலைக்குப் பின்னால் கட்டினார்கள். மழை பெய்தாலும் அதற்குள் நெல்லுக் காயும், நெருப்பை எப்போது நிறுத்துவது என்று பெட்டி சொல்லும். எல்லாம் முடிந்தது, நான் பலகைக்காகக் காத்திருந்தேன். சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்த காலத்தில் ஆர் என்ன தந்தாலும் பெயர்ப்பலகையோடுதான் தந்தார்கள். கிணற்றுக்குப் பலகை, கக்கூசுக்குப் பலகை. எங்கள் ஒழுங்கையில் கோழி கொடுத்தவர்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நட்ட பலகை இன்றைக்கும் நிற்கிறது, கோழிகள் அந்த வருசமே முடிந்துவிட்டன. பலகை வைப்பவன் படம் எடுப்பான், போய்விடுவான், அவனை விளங்கிக்கொள்ளலாம். இவர்கள் பலகை வைக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"தம்பி, பலகை எப்ப வரும்?"

"பலகை ஒண்டும் இல்லை ஐயா. கட்டுரை வரேக்க உங்கட ஆலையின்ர பேரைப் போடுவம்."

"எதில வரும்?"

"வெளிநாட்டுச் சஞ்சிகையில."

கக்கூசு கட்டினவனே தன் பெயரை ஊருக்குக் காட்டிவிட்டுப் போன இடத்தில், இவர்கள் தங்கள் பெயரை அடக்கி வைத்துக்கொண்டு என் பெயரை வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அன்றிலிருந்து நான் ஆலைக்குள் காசுக் கணக்கும் கதைப்பதில்லை, கோபம் வந்தால் வெளியே போய்த்தான் ஏசுகிறேன்.

அடுத்தது ஒப்பந்தம். முதல் கட்டத்துக்குக் கஜனியே முகாமையாளர் என்று கையெழுத்து வைத்துவிட்டாள். இரண்டாம் கட்டத்துக்கு உரிமையாளர்தான் வைக்க வேண்டுமாம். வைத்தால் கூண்டும் பெட்டியும் எங்களோடு நிற்கும். வைக்காவிட்டால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அதில், அறிவுசார் சொத்து இரு தரப்பினருக்கும் உரியது என்று ஒரு வரி. சொத்து என்ற சொல்லைக் கண்டவுடன் எனக்கு வேர்த்துவிட்டது. எனக்கு இருக்கிற சொத்து ஆலை நிற்கிற அரை ஏக்கர். அதற்குக் காணி உறுதி எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் கூட வந்தீர்கள். கஜனி, "அப்பா, அது காணி இல்லை, கண்டுபிடிக்கிற விசயம்" என்றாள். என் ஆலையில் கண்டுபிடிக்க அப்படி என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் பிடிபட்டது. அவர்கள் குறிவைத்தது என்னுடைய பல்லை.

ஈரத்தோடு குத்தினாலும் மிதமிஞ்சிக் காய்ந்தாலும் அரிசி முறியும், ஆகவே நெல்லுக் காய்ந்ததோ இல்லையோ என்பதை நான் கடித்துப் பார்த்துத்தான் சொல்கிறனான். எங்கள் பக்கத்தில் எல்லாரும்தான் கடிக்கிறார்கள், ஆனால் செல்வநாயகத்தார் கடித்தால் சரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. போன வருசம் கடைவாய்ப் பல்லுகளைப் பிடுங்கிவிட்டுப் பல்லுக் கட்டின பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கட்டின பல்லு சொந்தப் பல்லை விட வடிவாயிருக்கு என்று டொக்டரே சொன்னவர். ஒரு நாள் தேனுகா சின்னச் சின்னப் பைகளில் நெல்லுக் கொண்டுவந்து, என்னைக் கதிரையில் இருத்தி, "ஐயா, ஒவ்வொண்டாக் கடிச்சுப் பாத்து, காஞ்சதோ ஈரமோ எண்டு சொல்லுங்கோ" என்றா. எதிரே கமரா. நான் கடிக்கக் கடிக்க என் வாயைப் படம் பிடிக்கிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பல்லின் வேலையைப் பெட்டிக்குள் இறக்கி, அந்தப் பெட்டியை லொறிக்காரருக்கு விற்கப் போகிறார்கள், பிறகு என்னை ஆர் தேடி வருவது? நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஈரம் என்று பல்லுச் சொன்னதற்கெல்லாம் "காஞ்சது" என்றேன். காய்ந்தது என்று சொன்னதற்கெல்லாம் "ஈரம், இன்னும் காயவிடோணும்" என்றேன். ஒரு பையையும் விடவில்லை, எல்லாம் தலைகீழ். பிள்ளை மரியாதையாகக் கேட்டுப் பதிந்துகொண்டு போனது. கன நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை பிரதீபன் முகமெல்லாம் சிரிப்போடு வந்தார்.

"ஐயா, நீங்கள் சொன்னதும் பெட்டி அளந்ததும் அநேகமா ஒத்துப்போகுது. ஆய்வுகூடத்திலயும் வைச்சுப் பாத்தனாங்கள், அங்கயும் அதே முடிவுதான். இவ்வளவு சரியா இருக்கும் எண்டு நாங்களே எதிர்பாக்கேல்லை."

அத்தான், நீங்கள் நியாயம் தெரிந்த மனிசன், யோசித்துச் சொல்லுங்கோ. நான் சொன்னது முழுப் பொய். அந்தப் பொய்யைப் பெட்டி சரி எண்டு சொல்லுது, ஆய்வுகூடமும் சரி எண்டு சொல்லுது. அப்ப பெட்டியும் பொய், ஆய்வுகூடமும் பொய், என்னைப் புகழ்ந்து புளுகிக் கையெழுத்து வாங்குவதற்கு இவ்வளவு பேரும் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கிறார்கள். இதற்கு மேலே வேறு சாட்சி வேணுமோ? பின்னேரம் குசினிக் கதவைச் சாத்திவிட்டு விமலேஸ்வரிக்கு மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவா தேங்காய் திருவிக்கொண்டிருந்தவா, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அப்ப நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் பிழைச்சிருக்கும், என்னப்பா?"

"நீ என்ன சொல்ல வாறாய்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் பல்லுக் கட்டினாப் பிறகுதானே அரிசி முறியத் துவங்கினது எண்டு யோசிச்சன்."

சொந்த வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டார்கள் அத்தான். அந்தப் பிள்ளை தேனுகா வருகிற நேரமெல்லாம் இவாவின் தோசையைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டபோதே நான் உசாராகி இருக்க வேணும். கஜனியோ என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "கையெழுத்தை வையுங்கோ, இல்லாட்டில் ஆலையைப் பூட்டுங்கோ, ரெண்டில ஒண்டைச் செய்யுங்கோ அப்பா" என்று சொன்னதுதான் கடைசிக் கதை. அதைக் கேட்க எனக்கு நெஞ்சு நொந்துதான் போச்சு. இருந்தாலும் நான் மசியவில்லை. கையெழுத்து வைக்க மாட்டேன், பெட்டியைக் கொண்டு போங்கோ என்று பிரதீபனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகவே அத்தான், வைக்க வேண்டாம். அவர்கள் வந்தால் கதிரை குடுங்கோ, தேத்தண்ணி குடுங்கோ, அக்காவைத் தோசை மட்டும் சுட விடாதேங்கோ. நெல்லைக் கடிக்கச் சொன்னால் பல்லு நோகுது என்று சொல்லுங்கோ. பெட்டி பூட்டக் கேட்டால் வீட்டில் துடக்கு, தீட்டு என்று சொல்லி நாளைக் கடத்துங்கோ. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இரக்கப்படாதேங்கோ. எங்கட சனம் எவ்வளவோ பேரை நம்பிப் பார்த்துவிட்டது, இனியும் சும்மா வருகிறதைப் படலைக்கு உள்ளே எடுத்தால் எங்களை விட விசர் ஆக்கள் இல்லை.

அம்மன் தங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளையும், தங்கள் ஆலைக்கு முறியாத அரிசியையும், வாசலுக்குப் படித்த ஆக்கள் வராத பாக்கியத்தையும் தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லை மதிக்கும் மைத்துனன்,
க. செல்வநாயகம்

பிற்குறிப்பு: கடிதத்தை மடிச்சு ஒட்டப் போக ஒரு சங்கதி நடந்துபோச்சு. நான் எழுதாட்டில் நீங்கள் வேற ஆக்களிட்டைப் பிழையாக் கேள்விப்படுவியள். இண்டைக்கு விடிய மழை பிடிச்சிட்டுது. பின்வயல் அழகம்மா, அறுத்த நெல்லு முழுதையும் உழவு மெசினில ஏத்திக்கொண்டு வந்து என்ர படலையில நிண்டா. லொறிக்காரன் ஈரம் எண்டு அரை விலை கேட்டவனாம். "அண்ணை, உங்கட கூண்டுக்குள்ள போட்டுக் காயவைச்சுத் தாங்கோ, இதை விட்டால் எங்களுக்கு இந்த வருசம் வேற ஒண்டும் இல்லை" எண்டு சொன்னா. கூண்டை மூட்டியாச்சு. எப்ப நிப்பாட்டுறது? ஒரு நெல்லை எடுத்து வாயில வைச்சன். அந்த மனிசி என்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்குது. எனக்குக் கடிக்கத் துணிவு வரேல்லை அத்தான், அப்பிடியே துப்பிப்போட்டன்.

அந்த நேரம் பாத்துத்தான் பிரதீபனும் தேனுகாவும் பெட்டியைக் கழட்டிக்கொண்டு போக வான் வண்டியில வந்து இறங்கினம். அவை படலை திறக்கிறதுக்கிடையில நானே பெட்டியைக் கழட்டி, வீட்டுக்குள்ள ஓடிப்போய், அலுமாரியில விமலேஸ்வரியின்ர கூறைச்சேலைக்குள்ள சுத்தி வைச்சிட்டு வந்து, "தம்பி, பெட்டியை ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள்" எண்டு சொன்னன். பிரதீபன் கையைக் கட்டிக்கொண்டு, "அப்ப பொலிசில சொல்லுவமோ ஐயா?" எண்டார். நானும், "சொல்லத்தான் வேணும், ஆரையும் நம்பேலாத காலம்" எண்டு சொல்லிக்கொண்டு நிக்க, விமலேஸ்வரி உள்ளுக்கிருந்து வந்து, எல்லாருக்கும் முன்னால, "என்ர கூறைக்குள்ள என்னப்பா பச்சையா மின்னுது?" எண்டு கேட்டா.

ஒருத்தரும் சிரிக்கேல்லை, அதுதான் பெரிய வெக்கம். தேனுகா போய்ப் பெட்டியைக் கொண்டந்து இருந்த இடத்திலயே பூட்டிப்போட்டு, "வேணுமெண்டால் கேட்டிருக்கலாமே ஐயா" எண்டு மட்டும் சொன்னவா. நான் ஒப்பந்தத்தை வாங்கி, வாசிக்காமலே கையெழுத்து வைச்சன். கஜனி பேனையை நீட்டிக்கொண்டு நிண்டவள், கண் கலங்கிக் கிடந்துது, உமிப் புகையோ என்னவோ தெரியாது. நீங்களும் வையுங்கோ. மேல எழுதின பக்கங்களை அக்காவுக்குக் காட்டாமல் அடுப்பில போடுங்கோ.

இப்ப அழகம்மாவின்ர நெல்லு உள்ளுக்குக் காயுது. பெட்டி சொல்லுமட்டும் நெருப்பை நிப்பாட்டுறேல்லை எண்டு அதையே பாத்துக்கொண்டு நிக்கிறன். அரிசி முறிஞ்சால் அழகம்மாவுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு பயமாக் கிடக்கு. முறியாட்டில், அப்ப போன போகம் ஏன் முறிஞ்சது எண்டு ஊர் கேக்கும், அதுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு அதைவிடப் பயமாக் கிடக்கு.